வியாழனுக்கு ஏன் அத்தனை பட்டை?

நண்பர் ஒருவர் மொட்டை மாடியில் சின்ன டெலஸ்கோப் வைத்திருக்கிறார். அதில் வியாழனைப் பார்த்தேன். வெளிர்மஞ்சளில் ஒரு பொட்டு, அதன் குறுக்கே மங்கலாக இரண்டு பழுப்புக் கோடுகள். மேகம் என்றால் திட்டுத் திட்டாகத்தானே இருக்கும், இது என்ன விபூதிப் பட்டை மாதிரி என்று கேட்டதற்கு, "வேகமா சுத்துதுல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த "அதான்" எனக்குப் போதவில்லை.

கிரகம் மெதுவாகச் சுற்றினால் கதை சின்னது. நடுக்கோட்டில் சூடான காற்று மேலே ஏறும், துருவப் பக்கம் போய்க் குளிர்ந்து இறங்கும், தரையோடு திரும்பி வரும். பூமியில் அப்படி நடப்பதில்லை. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது, மேலே ஏறும் காற்றுக்கும் அந்த வேகம் உண்டு. 30 டிகிரி அட்சரேகையில் தரையின் வேகம் 1,450தான். ஆக, அங்கே வந்து சேரும் காற்று தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாயும். 1735-ல் இதைச் சொன்ன ஹேட்லி ஒரு வழக்கறிஞர். பாடப் புத்தகத்தில் படித்த வியாபாரக் காற்றுக்கு அவர் கொடுத்த விளக்கம்தான் இது, தரையோடு திரும்பி வரும் காற்று பின்தங்கிப்போவதால் கிழக்கிலிருந்து வீசுவதுபோல் இருக்கிறது.

ஆனால் கணக்கில் சறுக்கிவிட்டார். இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் 220 கிலோமீட்டர், அவ்வளவுதான் என்று நினைத்தார். ஆபீஸ் சுழல் நாற்காலியில் கைகளை நீட்டியபடி சுற்றிவிட்டு, சட்டென்று மடக்கிப் பாருங்கள், வேகம் கூடும். வடக்கே போகப் போகக் காற்று பூமியின் அச்சை நெருங்குகிறது, அதுவும் கை மடக்குவதுதான். அப்படிப் போட்டால் 30 டிகிரியில் சுமார் 480 கிலோமீட்டர் வருகிறது. நிஜத்தில் அவ்வளவு எட்டாது, ஏனென்றால் அதற்குள் ஓட்டம் நிலைகுலைந்து பெரிய பெரிய சுழல்களாக உடைந்துவிடும், அங்கிருந்து துருவத்துக்கு வெப்பத்தைச் சுமப்பது அந்தச் சுழல்களின் வேலை. நடுக்கோட்டிலிருந்து கிளம்பிய காற்றோ 30 டிகிரி வாக்கிலேயே இறங்கிவிடுகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், மேகம் கட்டாது. சகாரா அங்கே இருப்பது இதனால்தான்.

நம் தென்மேற்குப் பருவக்காற்றும் இதே குடும்பம். தெற்கே கிழக்கிலிருந்து வீசிய காற்று நடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பிவிடுகிறது.

சரி, வியாழன். பூமியைப் போல 11 மடங்கு அகலம், ஆனால் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. நடுக்கோட்டில் மணிக்கு 45,000 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் வடக்கு தெற்காக நகரப் பார்க்கும் எதுவும் சீக்கிரமே பக்கவாட்டில் திருப்பிவிடப்படும். அதனால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடும் காற்றுப் பாதைகள் வரிசையாக அடுக்கிக் கிடக்கின்றன, மேகங்கள் அவற்றோடு நீளவாக்கில் இழுபடுவதுதான் நமக்குப் பட்டையாகத் தெரிகிறது. பெரிய சிவப்புப் புள்ளிகூட அப்படி இரண்டு எதிரோட்டங்களுக்கு நடுவே உருண்டுகொண்டிருக்கும் புயல்தான்.

அப்புறம் வெள்ளி. ஒரு சுற்றுக்கு 243 நாள், தரை நகர்வது மணிக்கு ஆறரை கிலோமீட்டர், நாம் வேகமாக நடக்கிற நடை. காற்றும் சோம்பேறியாக இருக்கும் என்று பார்த்தால், மேகத்தின் உச்சி மட்டும் நாலே நாளில் கிரகத்தைச் சுற்றி வந்துவிடுகிறது! ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் 2010-ல் வெள்ளியைப் பிடிக்காமல் தவறவிட்டு, ஐந்து வருடம் சூரியனைச் சுற்றி அலைந்து, பிரதான எஞ்சின் செத்த நிலையில் குட்டி எஞ்சின்களை வைத்தே 2015-ல் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. பகலில் சூடாகி இரவில் குளிர்வதால் எழும் வெப்ப அலைகள்தான் அந்த ஓட்டத்தை உந்துகின்றன என்று அதன் படங்களிலிருந்து தெரிந்தது.

பிறகொரு நாள் நண்பர் வெள்ளியையும் காட்டினார். வெறும் வெள்ளைப் பிறை, ஒரு கோடுகூட இல்லை. புறஊதாக் கேமராவில் பார்த்தால் படுத்துக்கிடக்கும் ஒய் எழுத்து மாதிரி ஒரு கருமை தெரியுமாம். அந்தக் கேமராவுக்கு எங்கே போவது?