நாற்பதுக்கு மேல் வீணை: டீச்சரிடம் சேரும் முன்

"இந்த வயசுல விரல் வளையுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விரல் வளையும். முதலில் முரண்டு பிடிப்பது முழங்கால். வீணையின் குடம் (பெரிய உருண்டைப் பகுதி) வலப்பக்கம் தரையில் இருக்கும், சுரைக்குடுக்கை இடது தொடைமேல் வரும். அப்படியே சம்மணம் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். சேருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகுங்கள். தந்தி அழுத்தி விரல் நுனியில் கோடு விழுவதற்குத் தேங்காய் எண்ணெய் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது காது. பல வருடம் கச்சேரி கேட்ட காதுக்குச் சுருதி விலகினால் உடனே தெரிகிறது. அதே காதுக்கு நாம் வாசிக்கும் சரளி வரிசை, அதாவது ஆரம்ப ஸ்வரப் பயிற்சி, சகிக்கவில்லை. அதனால்தான் பெரியவர்கள் சரளியைத் தாண்ட அவசரப்படுகிறோம். "ஸ்வரமெல்லாம் தெரியுமே, நேரா கீர்த்தனைக்குப் போயிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே சரி என்கிற டீச்சரிடம் சேராதீர்கள்.

சரளியை மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பதன் நியாயம் வீணையில் கண்ணுக்கே தெரியும். சாரணி என்கிற முதல் தந்தியில் ஸ-வை ஒட்டிய மெட்டு (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை) ரி. அங்கிருந்து மூன்றாவது மெட்டுக்குத் தாவினால் க. அதை ஒட்டி ம. ப-விலிருந்து கிளம்பினாலும் இதே கணக்குதான்: த ஒட்டி, நி தாவி, மேல் ஸ ஒட்டி. முதல் பாதி கைக்கு வந்தால் மறுபாதியும் வந்த மாதிரிதான். மூன்று காலத்திலும் (வேகத்திலும்) இதை வாசித்தபின், அடுத்து வரும் சின்னப் பாட்டான மலஹரி ராக கீதத்தில் நிஷாதம் (நி) இல்லாததைக்கூட விரல் கண்டுபிடித்துவிடும்.

என் டீச்சர் என்னைவிடச் சின்னவர். "அக்கா, வாயில வராதது விரல்ல வராது, முதல்ல பாடுங்க" என்பார். வீட்டு ஆட்கள் இருக்கும்போது பாடக் கூச்சமாகத்தான் இருக்கும், பாடிவிடுங்கள். வீணையில் கமகம் என்பது மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம்கூட இழுத்து எடுக்கலாம். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்குக் கண்ணால் பார்க்க அடையாளம் கிடையாது. தொண்டையில் அந்த இடம் நின்றிருந்தால் விரல் அங்கே போய் நிற்கும். இதற்காகவே, பாடிக் காட்டி, தன் வீணையில் வாசித்தும் காட்டி, பிறகு நம்மை வாசிக்கவிட்டுக் குறுக்கிடாமல் கேட்கும் ஆசிரியராகத் தேடுங்கள். வாரம் ஒரு புதுப்பாட்டு தருபவரைவிட ஒரே வரிசையை நாலு தரம் பொறுமையாகக் கேட்பவருக்குக் கொடுக்கும் ஃபீஸ்தான் வீண் போகாது.

வலக்கைச் சுண்டுவிரலுக்குத் தனிச் சாதகம் (பயிற்சி) வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலிருந்து கீழே மீட்டும்போது, இது பக்கவாட்டில் தாளத்துக்கென்றே இருக்கும் தந்திகள் மூன்றையும் கீழிருந்து மேலே தட்ட வேண்டும். ஆரம்பத்தில் இதை ஒத்திப்போடலாம் என்று தோன்றும். தாளம் போடாமல் வாசித்துப் பழகிய கையில் பிறகு தாளத்தை ஏற்றுவது பெரும்பாடு.

பாட்டு வாசிக்க ரொம்ப ஆசையாக இருந்தால் நோட்டுஸ்வரம் கேளுங்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய இசை மெட்டுகளுக்கு (ட்யூன்களுக்கு) சமஸ்கிருதத்தில் பாட்டு வரிகள் எழுதிய சின்னப் பாடல்கள் அவை, 'சக்தி சஹித கணபதிம்' மாதிரி. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், கமகம் இல்லை. தீட்சிதரே வைணிகர் (வீணை வாசிப்பவர்) என்பதால் டீச்சரும் முகம் சுளிக்க மாட்டார்!

வீணையை உடனே வாங்காதீர்கள். வாடகைக்கோ டீச்சரின் பழைய வீணையோ கிடைத்தால் அதில் ஆரம்பியுங்கள். பிறகு தஞ்சாவூருக்கோ கடைக்கோ போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைதான் வேண்டும் என்று கடன் வாங்க வேண்டாம், தனித்தனிப் பாகங்களை ஒட்டிச் செய்த நல்ல ஒட்டு வீணை கற்றுக்கொள்ளப் போதும். அதன் 24 மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. வெயிலில் நிறுத்திய காரில் வீணையை விட்டுப் போனால் மெழுகு இளகி மெட்டு நகரும். மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்க, ஆள் தேடி அலைய வேண்டும், அதற்குச் செலவும் உண்டு.

ஊருக்குப் போகும் வாரங்களில் ஃபீஸ் எப்படி, வகுப்பை ஃபோனில் பதிவு செய்துகொள்ளலாமா என்ற இரண்டையும் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.