மனம்: பெரியவரின் கடைசிக் குரல்

நேற்று ராத்திரி மறுபடியும் 'மனம்' பார்த்தேன். 2014 மே மாதம் வந்த தெலுங்குப் படம். அக்கினேனி நாகேஸ்வர ராவ், மகன் நாகார்ஜுனா, பேரன் நாக சைதன்யா என மூன்று தலைமுறையும் ஒரே கதையில். மறுபிறவிக் கதை என்பதால் உறவே தலைகீழ். நாகார்ஜுனாவுக்கு சைதன்யா அப்பா. அப்புறம் அதே நாகார்ஜுனா முதியவர் நாகேஸ்வர ராவுக்கு அப்பா! துளிக் குழப்பமில்லாமல் சொல்லியிருக்கிறார் விக்ரம் குமார் (நம்ம 'யாவரும் நலம்' இயக்குநர்தான், ஒளிப்பதிவு பி.எஸ். வினோத்).

படப்பிடிப்புக் காலத்தில்தான் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. படுக்கையில் இருந்தபடியே தன் டப்பிங்கைப் பேசி முடித்தார். ஜனவரி 22 அன்று காலமானார். படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை.

நாகார்ஜுனாவையும் ஸ்ரேயாவையும் பார்த்து, இவர்கள் என் அப்பா அம்மா என்று அவர் கண்டுகொள்ளும் இடத்தில் நேற்றும் அழுதுவிட்டேன்.