பச்சையாகிப்போன பிஸ்கட்

என் மகளுக்கு மூன்று வயது. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி நான்கும் அவளுக்கு ஆகாது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம் என்பதால் டாக்டர் பிஸ்தாவையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்தவுடன் எல்லாரும் கேட்பது, "அப்போ என்னதான் கொடுக்கிறீங்க?"

சமையலில் மாற்று கண்டுபிடிப்பது உண்மையில் அவ்வளவு கஷ்டமில்லை. அந்தப் பொருள் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்தால் போதும். கட்லெட் உதிராமல் பிடித்து நிற்கத்தான் முட்டை என்றால், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு முட்டைக்கு அது சரி. கேக்கில் அதன் வாசனை எனக்குப் பிடிக்காது. அங்கே கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர்தான். நன்றாக அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரியே வெண்ணுரையாகப் பொங்கும். (கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் பருப்பு இனம்தான். எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.) நான்கு முட்டை கேட்கும் கேக் என்றால் அந்தப் பக்கமே போவதில்லை. முட்டைதான் அந்தக் கேக்கே.

நிலக்கடலை வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி விதையை வறுத்து அரைத்துக்கொள்கிறேன். அதை வைத்து முதல்முறை பிஸ்கட் சுட்டபோது சூடாக இருக்கும்வரை நல்ல பொன்னிறம். மறுநாள் டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்தால் உள்ளே பாசி பிடித்த மாதிரி பச்சை! கெட்டுப்போகவில்லை. அந்த விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்தால் இப்படி நிறம் மாறுமாம், சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதாம். சோடாவைக் குறைத்துக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் பச்சை வராது. நான் விடுவதில்லை. அவளுக்குப் பச்சை பிஸ்கட்தான் வேண்டும்.

பால்தான் என்னை உட்கார வைத்தது. மாவைப் பிசையவோ சாஸ் கிளறவோ எந்தப் பாலும் போதும். ஆனால் இந்த வயதுக் குழந்தைக்குப் பால் என்பது புரதம், கொழுப்பு, கால்சியம் எல்லாம். பசும்பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம் இருக்கிறது. சோயா பால் அதை ஒட்டி வரும். ஓட்ஸ் பாலில் பெரும்பாலும் 1 கிராம்தான், பாதாம் பாலில் அதுவும் தேறாது. பார்க்க எல்லாம் வெள்ளைதான். சோயா இவளுக்கு ஒத்துக்கொள்கிறது, அந்த வகையில் பிழைத்தோம். வாங்கும்போது கால்சியம் சேர்த்ததா என்று பார்க்கிறேன். ஆர்கானிக் என்று போட்ட பலவற்றில் சேர்ப்பதில்லை. சேர்த்த கால்சியமும் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு யோசனைகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று லாக்டோஸ் இல்லாத பால். அதில் சர்க்கரையைத்தான் மாற்றியிருக்கிறார்கள், ஒவ்வாமை தரும் புரதம் அப்படியே இருக்கிறது. இன்னொன்று ஆட்டுப்பால். அதன் புரதமும் பசும்பாலை ஒட்டியதே, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் சேராது. அன்போடு சொல்கிறார்கள், நானும் அன்போடு மறுத்துவிடுகிறேன்.

அசல் மாதிரியே இருக்கும் போலிச் சீஸ், போலி ஐஸ்கிரீம் வகையறா மேல் எனக்குப் பெரிய ஆசை இல்லை. அவள் அசலைச் சாப்பிட்டதே இல்லையே, எதை நினைத்து ஏங்கப்போகிறாள்? ஏங்குவது நாம்தான். தவிர, வீட்டில் சாப்பிடும் மஞ்சள் சதுரமும் அடுத்த வீட்டுப் பிறந்தநாள் விழாவில் நீட்டப்படும் மஞ்சள் சதுரமும் ஒரே மாதிரி இருந்தால், மூன்று வயதுக்கு எப்படித் தெரியும் எது எதுவென்று? எனக்கு அந்தப் பயம் உண்டு. அதனாலும் பச்சை பிஸ்கட்டுக்கு என் ஓட்டு.

பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படிக்கிறேன். போன மாதம் சரியாக இருந்தது இந்த மாதம் மாறியிருக்கலாம், அட்டை அதே அட்டையாகத்தான் இருக்கும். 'நான்-டெய்ரி', அதாவது பால் சேராதது, என்று முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் சோடியம் கேசினேட் என்று எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். கேசின் பால் புரதம்தான்.

முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலர், கேக்கில் நன்றாக வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்வார்களாம். இவளுக்கும் அடுத்து அதைச் சோதிக்கப்போகிறார்கள், மருத்துவமனையில் வைத்து, துளித்துளியாக. வீட்டில் முயற்சி செய்யவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான மஃபினை மட்டும் அவர்கள் தந்த அளவுப்படி நான்தான் சுட்டு எடுத்துப்போக வேண்டும். அசல் முட்டை ஊற்றிச் சுட்டு எவ்வளவு நாளாயிற்று! முதலில் எனக்கு ஒரு ஒத்திகை தேவைப்படுகிறது. அவள் தூங்கிய பிறகு.