ஸ்கைரிமில் யார் நல்லவன்?

நேற்றுப் பின்னேரம் திருநெல்வேலிச் சந்தியில் மூன்று பிளேன்டீ ஆறிப்போனது. காரணம் ஸ்கைரிம். 2011இல் வந்த கேம். அதில் வரும் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்கார ஸ்டோர்ம்கிளோக் பக்கமா, பேரரசின் பக்கமா என்று எங்கட பெடியள் இன்னும் நிற்கிறார்கள்.

"டாலோஸ் சாமியைக் கும்பிடக்கூடாது என்று எல்ஃப்களுக்குக் கையெழுத்துப் போட்ட பேரரசோட எப்படியடா சேருவாய்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான்.

"அப்ப ஸ்டோர்ம்கிளோக் தலைவன் உல்ஃப்ரிக்? அவன்ர விண்ட்ஹெல்ம் நகரில் டார்க் எல்ஃப் சனம் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்குது, பல்லி மாதிரி இருக்கிற ஆர்கோனியனை மதிலுக்குள்ளேயே விடுறதில்லை. அதுக்கு என்ன சொல்லுறாய் மச்சான்?" என்றான் மற்றவன். முதலாமவன் ரோல்ஸைக் கடித்தபடி பேசாமல் இருந்தான். (உறைப்பாகவும் இருந்திருக்கலாம்.)

நான், தொடக்கத்திலேயே என் தலையை வெட்டப் பார்த்த பேரரசோடு சேர்ந்துதான் முடித்தேன். ஏனென்று கேட்டார்கள்.

கவசம் வடிவாக இருந்தது என்றேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசுகிறார்கள்.