கிழட்டுக் கொடிக்கு யார் விலை கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாந்தில் ஓர் அறுவடைப் பருவம் முழுக்க செல்லாரில், அதாவது திராட்சையை ஒயினாக்கும் கூடத்தில், வேலை பார்த்தேன். ஒயின் வேலை என்பது பெரும்பாலும் கழுவுகிற வேலைதான். பிழியும் இயந்திரம், குழாய், பீப்பாய், தரை என்று நாள் முழுக்கக் கழுவ வேண்டும். ருசி பார்ப்பதெல்லாம் கொஞ்ச நேரம்.

நாங்கள் ஒயின் செய்தது ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில், அந்த ஊர்ப் பேச்சில் ஸ்டீன். ஒருகாலத்தில் பிராந்திக்கும் மலிவு ஒயினுக்கும் நட்ட ரகம். பார்டபெர்க் மலையடிவாரத்து கிரானைட் மண்ணில் 1960, 70களில் நட்டவை இன்னும் காய்க்கின்றன. கொடி என்று பேர்தான். பந்தலும் கம்பியும் இல்லாமல் குத்துச்செடி மாதிரி நிற்கும். பாசனம் கிடையாது, குளிர்கால மழையோடு சரி. அந்த ஈரத்தில் வரிசைகளுக்கு நடுவே ஓட்ஸ் விதைத்து, கோடைக்கு முன் மடக்கிப் படுக்கவைத்து மூடாக்காக விட்டுவிடுகிறார்கள். மண் சூடேறுவதில்லை, களையும் அடங்கும்.

ஷெனின் ஒரே சீராகப் பழுக்காது. அதனால் ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று தடவை கையால் பறிப்பார்கள். முதல் பறிப்பில் புளிப்பு, பிந்தியதில் கனம். வெயில் ஏறுவதற்குள் கூடைகள் வந்து சேரும். குலையோடு மெதுவாகப் பிழிந்து, சாற்றை இரவு முழுக்கக் குளிரில் தெளியவைத்து, பழைய பீப்பாய்களில் ஊற்றுவோம். நொதிக்கவைக்க ஈஸ்ட் சேர்ப்பதில்லை, பழத்தோடும் கூடத்தோடும் வந்ததே போதும். நொதிக்க நொதிக்கச் சர்க்கரை குறையும், தினமும் பீப்பாய் பீப்பாயாக அதை அளந்து சுவரில் எழுதுவது என் வேலை. ஒரே தோட்டத்துச் சாறுதான், ஆனால் ஒரு பீப்பாயில் நொதிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். பக்கத்துப் பீப்பாய் வாரக்கணக்கில் இழுக்கும். பொறுத்திருக்கத் தெரியாதவருக்கு இந்த முறை ஒத்துவராது.

வயதான கொடி என்றாலே நல்ல ஒயின் என்று நான் நம்பவில்லை. பல கிழட்டுக் கொடிகளில் இலைச்சுருள் வைரஸ் இருக்கிறது, மாவுப்பூச்சி அதைப் பரப்புகிறது, பழம் நொண்டி நொண்டித்தான் பழுக்கும். ஆனால் வேர் ஆழமாக இறங்கிய நல்ல கொடி, வறட்சியிலும் புளிப்பை விடாது. ஒயினில் அது நன்றாகவே தெரியும்.

சிக்கல் காசில்தான். இவை ஹெக்டேருக்கு 3, 4 டன் காய்த்தால் பெரிது. பாசனத் தோட்டத்தில் அதைப்போலப் பல மடங்கு. டன் கணக்கில் விலை பேசினால் எந்த விவசாயியும் பிடுங்கிவிட்டுக் கோதுமை போடுவார். ஸ்வார்ட்லாந்தே கோதுமை பூமி. ரோசா க்ரூகர் என்ற திராட்சைத் தோட்ட நிபுணர் 2002 முதல் இப்படிப்பட்ட தோட்டங்களைத் தேடிப் பட்டியலிட்டார். அதிலிருந்து ‘ஓல்டு வைன் புராஜெக்ட்’ என்ற, பழைய கொடிகளைக் காக்கும் அமைப்பு பிறந்தது. 35 வயது தாண்டிய தோட்டத்து ஒயினுக்கு, நட்ட ஆண்டு அச்சிட்ட முத்திரையைப் புட்டியில் ஒட்ட அனுமதிக்கிறார்கள். வாங்குபவர் அந்த ஆண்டைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்கிறார். எங்களுக்குப் பழம் கொடுத்த விவசாயியிடம், பழைய கொடியைப் பிடுங்காததற்குக் காரணம் கேட்டபோது அவர் பாரம்பரியம் பற்றியெல்லாம் பேசவில்லை. “கவாத்துச் செலவு போகக் கையில் நிற்கிறது, அதனால் விட்டுவைத்திருக்கிறேன்” என்றார்.