கலவை செங்கல்லைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது

பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்தால் ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான். பெயர்ந்த இடத்தைத் தட்டிவிட்டு, ‘ஒண்ணுக்கு மூணு போட்டு நல்லா ரிச்சா அடிச்சிரலாம்’ என்பார் கொத்தனார், அதாவது ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல். வீட்டுக்காரருக்கும் அது திருப்தி. இரண்டு மழைக்காலம் போனதும் ஒட்டுப்போட்ட இடம் அப்படியே நிற்கும், அதைச் சுற்றியிருக்கும் செங்கல் மாவாக உதிரும். வேலை மோசம் என்று கொத்தனாரைத் திட்டுவார்கள். வேலையில் பழுதில்லை, கலவைதான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். நாட்டுச் செங்கல்லில் மெலிந்த ரகம் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தம்தான் தாங்கும். 1:6 சிமென்ட் கலவை ஏறத்தாழ 3 தாங்கும், ஆகவே இரண்டும் ஒத்துப்போகும். 1:3 கலவையோ 10க்கு மேல் போய்விடும். கல்லைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டியான பொருளைக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் திணித்தால், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சந்து விட்டுக்கொடுக்காது, கல்தான் பிளக்கும். அதோடு, உள்ளே ஏறிய ஈரம் வெளியேறச் சந்தில் வழி இல்லாததால் கல்லின் முகத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சுவரில் பிற்காலத்தில் சிமென்டால் சந்து பூசிய இடங்களைப் பார்த்தால் இது விளங்கும். கல் அரித்துக் குழியாகியிருக்க, சிமென்ட் மட்டும் தேனடைச் சட்டம் போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

சந்துக் கலவை கல்லுக்காகத் தேய வேண்டிய பொருள். முப்பது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டி மாற்றிவிடலாம், கல்லை அப்படி மாற்ற முடியாது.

விரிசலைப் பூசும் முன் அது இன்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு துருப்பிடிக்காத ஆணியை இறுக்கமாக அடித்து, இரண்டு தலைக்கும் இடையிலுள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் மாதம் ஒருமுறை அளந்து, பக்கத்திலேயே பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள். காலிப்பர் இல்லாவிட்டால் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே எம்-சீல் வைத்து ஒட்டலாம். நகர்ந்தால் கண்ணாடி தெறித்துவிடும், ஆனால் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லாது. குறைந்தது ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் கடக்க வேண்டும். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, கோவைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கட்டிய வீடாக இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. அந்த மண் கோடையில் சுருங்கி மழையில் ஊதும், அதோடு சேர்ந்து விரிசலும் திறந்து மூடும். சித்திரையில் திறந்திருக்கும்போது இறுகப் பூசினால், கார்த்திகையில் மூட முயன்று பூச்சைப் பிதுக்கித் தள்ளும்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரிச் சந்து வழியாக ஏறும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளம். மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் வீட்டின் ஓரம் அல்லது மூலை இறங்கியிருக்கிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. மாடி வீட்டில் கூரைத் தளத்துக்கு நேர் கீழே கிடைமட்டமாக ஓடுவது வெயிலில் தளம் நீள்வதால் வருவது. தூணும் சுவரும் சேரும் இடத்து நேர்க்கோடு, இரண்டும் வேறு வேறு பொருள் என்பதால் வருவது. பூச்சில் மட்டும் வலை போலப் பரவியிருப்பது சிமென்ட் கூடி, தண்ணீர் காட்டுவது குறைந்ததன் பலன். அதற்கு வருத்தப்பட வேண்டியதில்லை, அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துவிடும்.

15 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்திருந்தாலோ, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது பத்தடிச் சுவர் ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தாலோ, நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கீழே சொல்பவை அந்த நிலைக்கு வராத சுவர்களுக்கு.

அஸ்திவாரம் இறங்கிய விரிசலில் முதலில் தேட வேண்டியது தண்ணீரை. செப்டிக் டேங்க் கசிவு, உடைந்த கழிவுநீர்க் குழாய், மொட்டைமாடித் தண்ணீர் நேராகச் சுவரடியில் விழுவது, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். களிமண் நிலமென்றால் சுவரை ஒட்டிய பெரிய மரத்தையும் பாருங்கள், கோடையில் அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதற்காக மரத்தை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். வேர் உறிஞ்சாத மண் திரும்ப ஊதிச் சுவரை மேலே தூக்கும்.

காரணத்தை நிறுத்தி, ஆணிக் கணக்கும் ஒரு வருடம் அசையாமல் இருந்தால் சுவரைத் தைக்கலாம். நான்கு செங்கல் வரிக்கு ஒன்று வீதம், ஏறத்தாழ 14 அங்குலத்துக்கு ஒரு இடத்தில், சந்தை 35 முதல் 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி எடுக்க வேண்டும். கல்லில் கீறல் விழக் கூடாது. விரிசலின் இரு பக்கமும் 20 அங்குலம் போகும்படி 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வேண்டும். முறுக்குக் கம்பி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் முழுநீள மரை போட்ட கம்பி போதும். மழமழப்பான கம்பி பிடிக்காது. சந்தைத் தண்ணீரால் கழுவி, சுருங்காத கிரௌட்டை (இடுக்கை நிரப்பும் நீர்த்த கலவை) பாதியளவு நிரப்பி, கம்பியை அழுத்தி, மேலே மறுபடி கிரௌட் விட்டு, கடைசி 10 மில்லிமீட்டரைப் பழைய சந்துக்கு ஒத்த கலவையால் மூட வேண்டும். விரிசல் மூலைக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பியை வளைத்து அடுத்த சுவரில் ஒரு அடியாவது கொண்டுபோகவும். மிச்சம் கிடக்கிறதே என்று சாதாரண முறுக்குக் கம்பியை வைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தில் அது துருப்பிடித்து ஊதி, நீங்கள் தைத்த இடத்தையே பிளக்கும்.

பிறகு விரிசலுக்குள் பால், அதாவது பால் போல நீர்க்கக் கரைத்த கலவை, விடுவது. விரிசல் வாயை அடைத்து, 6 முதல் 12 அங்குல இடைவெளியில் சிறு குழாய் முனைகளைப் பதித்து, தண்ணீரால் அலசி, கீழ் முனையிலிருந்து தொடங்க வேண்டும். மேல் முனையில் பால் எட்டிப் பார்த்ததும் கீழ் முனையை அடைத்துவிட்டு மேலே போகலாம். பழைய சுவருக்கு அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், தலைக்கு மேல் வைத்த வாளியிலிருந்து குழாய் வழி இறங்குவதே பல இடங்களில் போதும். செம்மண் சாந்தில் கட்டிய சுவரில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் மண் கரைந்துவிடும்.

இனி ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். தமிழ்நாட்டில் இதுவும் ஏராளமான சுவர்களைத் தின்கிறது. தரையிலிருந்து மூன்று நான்கடி வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்து, விரலால் தொட்டாலே உதிரும். இதற்கு ஒரு முக்கியக் காரணம் தெருவிலேயே இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது படி இறங்கிப் போகிறோம். வெளி மண் மட்டம் உள் தரையைத் தாண்டிவிட்டால் எந்தப் பெயின்டும் காப்பாற்றாது.

மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, துளைக்குள்ளேயே பருத்துக் கல்லை உடைக்கிறது. அந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் நிற்பதில்லை, வழி தேடி இன்னும் ஓரடி மேலே ஏறிப் பூச்சு முடியும் இடத்தில் வெளிவரும். அடுத்த தடவை அதுவரைக்கும் பூசுவார்கள், ஓதம் இன்னும் மேலே போகும். இன்னொரு தொல்லை, சோற்றுப்புக்குக் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. நாகப்பட்டினம், சென்னை மாதிரிக் கடலோர ஊரில் பல இரவுகளில் அந்த அளவு வந்துவிடும். மண் ஈரத்தை முழுக்க நிறுத்தினாலும், உப்பேறிய பூச்சு சுவரில் இருக்கும்வரை சுவர் வியர்க்கும்.

ஆகவே வேலை வெளியில் தொடங்குகிறது. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு, உள் தரை மட்டத்துக்கு அரையடி கீழ் வரை மண்ணை எடுத்து, வாட்டம் கொடுத்து, 40 மில்லிமீட்டர் ஜல்லியால் நிரப்புங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. மழைநீர்க் குழாயை அங்கிருந்து தள்ளிவிடுங்கள்.

அடுத்து, ஓதக் கறை முடியும் இடத்துக்கு மேல் இரண்டடி வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், முடிந்தால் இரு பக்கமும். சந்தை ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறவும். கொத்திய காரையை வீட்டடியிலேயே கொட்டி மேடு நிரப்புகிற பழக்கம் வேண்டாம், அத்தனை உப்பும் திரும்ப ஏறும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளேயே போகும்.

அப்புறம் காத்திருப்பு, யாருக்கும் பிடிக்காத கட்டம். சுவர்க் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இரு பக்கமும் திறந்த 9 அங்குலச் சுவருக்கு நம் வெயிலில் ஐந்தாறு மாதம் வைத்துக்கொள்ளலாம். தையில் கொத்தினால் ஆனி, ஆடியில் பூசலாம். உதிரும் உப்பை இடையிடையே கூட்டிக்கொண்டே இருங்கள்.

மாவான கல்லை இந்த இடைவெளியில் மாற்றிவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டடி நீளத்துக்கு மேல் உருவக் கூடாது. ஒன்று, மூன்று, ஐந்து என்று இடம் விட்டு மாற்றி, ஒரு வாரம் இறுகிய பின் இரண்டு, நான்கு. புதுக் கல்லைக் கட்டும் முன் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், மேல் சந்தில் ஈரம் குறைந்த கலவையை இறுக்கிக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ள பாரம் கல்லில் இறங்காது. கல் வாங்கும்போது இரண்டைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும். உப்பைச் சோதிக்க, ஒரு தட்டில் 25 மில்லிமீட்டர் ஆழம் சுத்த நீர் விட்டுக் கல்லை நிறுத்தி, நீர் முழுக்க வற்றியதும் இன்னொரு தடவை ஊற்றி வற்ற விடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை படர்ந்தால் ஓதமுள்ள இடத்துக்கு அந்தச் சூளைக் கல் வேண்டாம்.

துளை போட்டு ரசாயனம் ஏற்றி ஈரத் தடுப்பு உண்டாக்கும் முறை இப்போது நிறைய விளம்பரமாகிறது. 12 மில்லிமீட்டர் துளை, 120 மில்லிமீட்டருக்கு ஒன்று, சுவர்க் கனத்தில் 40 மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் விட்டு, ஈரத்தை ஒட்டவிடாத சிலேன் க்ரீமைச் சந்தில் ஏற்றுவார்கள். 9 அங்குலச் செங்கல் சுவரில் இது எடுபடும். நடுவில் சல்லியும் மண்ணும் அடைத்த இரண்டடிச் சுவரில் காசு கரையும். எங்களைக் கேட்டால் வடிகாலும் சுண்ணாம்புப் பூச்சும் முதலில், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் ஊசி.

பூச்சுக்குச் சுண்ணாம்பு, சுர்க்கி (சுட்ட களிமண் தூள்), மணல் மூன்றும் சம பங்கு. நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊற வேண்டும். நீற்றும்போது தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுர்க்கியில்தான் ஏமாற்று அதிகம். மிதமாகச் சுட்ட களிமண் தூள்தான் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும், சூளையில் கருகிய கல்லின் பொடி வெறும் நிறம் கொடுக்கும். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, ஈரச் சாக்கில் ஒரு வாரம் வைத்துத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் அந்தச் சுர்க்கியைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு தடவைப் பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டாவது தடவை ஒரு வாரம் கழித்து. வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு இரண்டு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தூணோரக் கோடு, தளத்தடிக் கோடு உள்ள புது வீடுகளுக்குச் சுருக்கமாக. தூணோரத்தில் விரிசலை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, லேடெக்ஸ் சேர்த்த கலவையால் அடைத்து, இரு பக்கமும் 6 அங்குலம் கோழிவலை ஆணியடித்துப் பூசினால் போதும். தளத்தடி விரிசல் தினமும் நகர்வது, அதில் கலவை நிற்காது. ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் வைத்துவிட்டு, மொட்டைமாடிக்குத் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ போட்டுத் தளச் சூட்டைக் குறையுங்கள்.

சிமென்டால் கட்டிய சுவரில் சிமென்டாலேயே பூசலாம். 1:5, 12 மில்லிமீட்டர், 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை சிமென்ட், பூச்சு மணல் 6 கன அடி. ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், அதற்கு உப்பான போர்வெல் தண்ணீரைப் பிடித்து அடிக்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் மட்டும் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம், அதற்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.