ஜேம்ஸ்டவுன் ஆட்கள் சோம்பேறிகளா?

வர்ஜீனியாவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஆனால் படிக்கலாம். அதனால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அமெரிக்காவின் தொடக்ககால வரலாறு எடுத்தேன். பெரிய பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்து ஆட்களே எழுதிய கடிதமோ அறிக்கையோ ஒன்று, அதைப் பற்றி வரலாற்றாசிரியர் ஒருவரின் கட்டுரை ஒன்று, இரண்டையும் படித்துவிட்டு வந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்கள் குடியேறிய ஜேம்ஸ்டவுன் 1607-இல் தொடங்கியது. 1609-10 குளிர்காலப் பட்டினிக்குப் பிறகு கோட்டையில் சுமார் 60 பேர்தான் மிஞ்சினார்கள். அப்படியிருந்தும் 1611 மே மாதம் காலனியை நிர்வகிக்க அனுப்பப்பட்ட தாமஸ் டேல் வந்து இறங்கியபோது, ஆட்கள் பயிர் வேலையை விட்டுவிட்டுத் தெருவில் பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்களாம். ஏன் உழைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன் 1971-இல் எழுதிய கட்டுரை கேட்கிறது. இங்கிலாந்திலிருந்து கூடவே வந்த வேலைப் பழக்கம், உடம்பு வளையாத கனவான்களின் கூட்டம் என்று காரணங்களை அடுக்குகிறார். படிக்கப் பிரமாதமாக இருக்கும்.

அப்புறம் 1979-இல் வந்த இரண்டு கட்டுரைகளைப் படித்தோம். கோடையில் ஜேம்ஸ் ஆற்றில் வரத்து குறைந்து உப்புநீர் ஏறும், கழிவும் அங்கேயே தேங்கும், அதைக் குடித்துத்தான் டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் வந்தன என்கிறார் கார்வில் எர்ல். கேரன் குப்பர்மன் இன்னும் ஒரு படி போகிறார்: சத்தில்லாத சாப்பாடும் மனம் விட்டுப்போனதும் சேர்ந்துதான் அவர்களைப் படுக்கவைத்தன, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்தது என்கிறார்.

நான் குப்பர்மன் பக்கம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த எனக்கு ஊரிலிருந்து வந்த போனெல்லாம் "சும்மாதானே இருக்கே" என்றுதான் ஆரம்பிக்கும்.

1623-இல் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற ஒப்பந்த வேலையாள் வர்ஜீனியாவிலிருந்து இங்கிலாந்திலிருந்த அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும்தான் சாப்பாடு, என்னை மீட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் சீஸாவது மாட்டிறைச்சியாவது அனுப்புங்கள் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறான். நாமோ "நல்லா இருக்கேன்மா" என்று போனை வைத்துவிடுகிறோம்.

சோம்பேறிகள் என்று எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களை மேய்த்த அதிகாரிகள், காலனி ஏன் தேறவில்லை என்று லண்டனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். இதை வகுப்பில் சொன்னேன். மார்கன் பக்கம் இருந்தவர்கள் விடவில்லை. வகுப்பு முடிந்து பார்க்கிங் வரைக்கும் வந்து வாதாடினார்கள்.